ஏப்ரல் 15: டாட்ஜர்ஸ் அணியும் நிறத்தடை உடைந்த நாளும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்குகளில் ஆடும் எல்லோரும் 42 என்ற ஒரே எண் பொறித்த சட்டையுடன் களமிறங்குகிறார்கள். 1947இல் இதே தேதியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடிய ஜாக்கி ராபின்சனின் எண் அது. கறுப்பின ஆட்டக்காரர்களை அறுபது ஆண்டுகளாக வெளியே நிறுத்தியிருந்த தடை அன்று உடைந்தது. இதில் யாருக்கும் ஐயம் இல்லை.

அது ஏன் அந்த ஆண்டில், அந்த அணியில், அந்த வகையில் உடைந்தது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. ஒரு நிர்வாகியின் அறவுணர்வு என்றார்கள் சிலர்; வருவாய்க் கணக்கு என்றார்கள் வேறு சிலர். கறுப்பினப் பத்திரிகைகளின் இடைவிடாத போராட்டத்தை முன்வைப்பவர்கள் உண்டு, போரையும் சட்டத்தையும் காரணம் காட்டுபவர்கள் உண்டு. அந்த நாளுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. இந்த விடைகளின் பிறப்பையும் பலத்தையும் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

அன்று களத்தில் நடந்தது

1947 ஏப்ரல் 15 ஒரு செவ்வாய்க்கிழமை. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக டாட்ஜர்ஸின் பருவத் தொடக்க ஆட்டம் நடந்தது. ஏறக்குறைய 26,000 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்பது அக்கால மதிப்பீடு. அப்படியும் மைதானம் நிரம்பவில்லை.

28 வயது ராபின்சன் முதல் பேஸில் நின்றார். அது அவருக்குப் பழகிய இடம் அன்று. மட்டை பிடிக்கும் வரிசையில் இரண்டாவதாக இறங்கி, பந்துவீச்சாளர் ஜானி செயினை எதிர்கொண்டார். முதல் முறை தரையோடு அடித்து ஆட்டமிழந்தார். அடுத்த முறை இடப்புறம் உயர்ந்த பந்து பிடிபட்டது. மூன்றாம் முறை அவர் அடித்த பந்தில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள்.

ஏழாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் 3–2 என்று முன்னிலையில் இருந்தது. எடி ஸ்டாங்கி முதல் பேஸில் இருக்க, ராபின்சன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். பந்தை எடுத்து எறிந்த ஏர்ல் டோர்ஜெசனின் வீச்சு ராபின்சன் மீது பட்டுத் திசைமாறியது. ஸ்டாங்கி மூன்றாம் பேஸுக்கும் ராபின்சன் இரண்டாம் பேஸுக்கும் போனார்கள். அடுத்து வந்த பீட் ரெய்சரின் அடியில் இருவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். டாட்ஜர்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்த ஓட்டம் ராபின்சனுடையது. ஆட்டம் 5–3 என்று முடிந்தது.

மட்டையால் ஒரு முறைகூடப் பந்தைச் சரியாக அடித்துப் பேஸைச் சேராத நாள்; ஆனால் அவருடைய கால்களின் வேகம் எதிரணியைத் தவறு செய்யவைத்த நாள். மறுநாள் நியூயார்க்கின் வெள்ளையர் நாளிதழ்கள் இதை ஓரளவு அடக்கியே எழுதின. அணியின் மேலாளர் லியோ டுரோஷர் ஒரு வாரத்துக்கு முன்பு ஓராண்டுக்குத் தடை செய்யப்பட்டிருந்தார். விளையாட்டுப் பக்கங்களில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. கறுப்பின வார இதழ்களுக்கோ அது தலைமுறைகள் காத்திருந்த செய்தி. ஒரே நிகழ்வு அன்றே இரண்டு அளவுகோல்களால் அளக்கப்பட்டது. பிற்கால விடைகளின் பிரிவுக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

எழுதப்படாத தடை

கறுப்பினத்தவரை விலக்கும் சட்டம் எதுவும் லீக்குகளின் விதிப்புத்தகத்தில் இல்லை. 1884இல் டொலேடோ அணிக்காக மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் முதன்மை லீக் ஒன்றில் ஆடியிருக்கிறார். 1887இல் இன்டர்நேஷனல் லீக் இனிக் கறுப்பினத்தவரோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. மற்ற லீக்குகளும் அந்த வழியில் போக, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தடை முழுமையானது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். கறுப்பினத்தவரின் பேஸ்பால் தனக்கென அணிகளும் ரசிகர்களும் வணிகமும் கொண்டு வளர்ந்தது.

எழுதப்படாத தடைக்கு ஒரு வசதி உண்டு: அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 1920 முதல் 1944இல் இறக்கும்வரை பேஸ்பாலின் ஆணையராக இருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸ், அப்படி ஒரு தடையே இல்லை என்றுதான் சொல்லிவந்தார். தடையை எழுப்பியவர் யார் என்பதற்கு ஆவணம் குறைவு. அதை உடைத்தவர் யார் என்ற கேள்வி இத்தனை விடைகளை ஈர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் விடை: பிராஞ்ச் ரிக்கியின் மனசாட்சி

மிகப் பழைய, மிகப் பரவலான விடை டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியை மையத்தில் வைக்கிறது. அவர் பக்தி மிகுந்த மெதடிஸ்ட் கிறித்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓஹையோ வெஸ்லியன் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, சவுத் பெண்ட் நகர விடுதி ஒன்று அணியின் கறுப்பின மாணவர் சார்லஸ் தாமஸுக்கு அறை தர மறுத்தது. அந்த இளைஞர் தன் கைகளின் தோலைத் தேய்த்துத் தேய்த்து அழுததைத் தாம் மறக்கவே இல்லை என்று ரிக்கி பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த விடைக்குச் சான்றுகள் வலுவானவை. 1943 தொடக்கத்திலேயே அவர் அணியின் நிதியாளர்களிடம் கறுப்பின ஆட்டக்காரர்களைத் தேடும் எண்ணத்தைத் தெரிவித்திருந்தார். 1945 ஆகஸ்டு 28 அன்று புரூக்ளின் மான்டேகு தெரு அலுவலகத்தில் ராபின்சனைச் சந்தித்தபோது, களத்திலும் விடுதியிலும் வரப்போகும் வசைகளைத் தாமே நடித்துக் காட்டி, திருப்பி அடிக்காத துணிவு வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸின் துணை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் ஆடவிட்டு, அதன் பிறகு புரூக்ளினுக்கு அழைத்தார். படிப்படியான இந்தத் திட்டம் அவருடையது.

குறைகளும் உண்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பிலிருந்த ரிக்கி, அங்கே கறுப்பின ரசிகர்கள் தனியே உட்காரவைக்கப்பட்டதைப் பொதுவெளியில் எதிர்த்துப் போராடவில்லை. அங்கே அவர் உரிமையாளர் இல்லை என்ற பதில் நியாயமானதுதான். ஆனால் ராபின்சன் ஆடிவந்த கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு அவர் ஒரு டாலர்கூட இழப்பீடு தரவில்லை என்பதற்கு அந்தப் பதில் பொருந்தாது. மனசாட்சி உண்மை என்று ஏற்றாலும், அது நாற்பது ஆண்டுகள் காத்திருந்து 1945இல் செயலாக மாறியது ஏன் என்பதை இந்த விடை தனியாக விளக்கவில்லை.

இரண்டாம் விடை: வெற்றியும் வருவாயும்

திறமை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அதை மறுப்பவர் நஷ்டப்படுவார் என்பது பொருளியலாளர்களின் வாதம். பாகுபாடு காட்டும் முதலாளி அதற்கு விலை கொடுக்கிறார் என்ற கருத்தை கேரி பெக்கர் 1957இல் கோட்பாடாக வகுத்தார். 1974இல் குவார்ட்னி, ஹாவர்த் இருவரும் அதை பேஸ்பாலில் பொருத்திப் பார்த்து, கறுப்பின ஆட்டக்காரர்களை முந்திச் சேர்த்த அணிகள் கூடுதலாக வென்றன என்று காட்டினார்கள். டாட்ஜர்ஸ் இதற்கு நல்ல சான்று: 1947 முதல் 1956 வரையிலான பத்து ஆண்டுகளில் ஆறு முறை நேஷனல் லீக் பட்டம் வென்றது, 1955இல் உலகத் தொடரையும் வென்றது. ராபின்சனோடு ராய் காம்பனெல்லா, டான் நியூகோம்ப் ஆகியோரும் அந்த வெற்றிகளின் தூண்கள்.

வெற்றிக்கான ஆளைத் தேடினார் ரிக்கி என்பதை ஏற்கலாம். நுழைவுச்சீட்டு வருவாய்தான் நோக்கம் என்பதற்கு எண்கள் அவ்வளவாகத் துணைபோகவில்லை. 1946இல் டாட்ஜர்ஸ் தன் சொந்த மைதானத்துக்கு ஈர்த்த கூட்டம் ஏறக்குறைய 17,97,000. ராபின்சன் வந்த 1947இல் அது 18,08,000 அளவுக்கு உயர்ந்தது. அது லீக்கில் சாதனை எண்ணிக்கை. ஆனால் முந்தைய ஆண்டைவிட உயர்வு சொற்பம். வெளியூர் மைதானங்களில்தான் அவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது.

இன்னும் பெரிய இடர் ஒன்று உண்டு. லாபம் மட்டுமே உந்துவிசை என்றால் மற்ற முதலாளிகளும் விரைந்து பின்தொடர்ந்திருக்க வேண்டும். 1953 பருவம் தொடங்கியபோது 16 அணிகளில் ஆறுதான் கறுப்பின ஆட்டக்காரர்களைக் களமிறக்கியிருந்தன. கடைசி அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1959 வரை இழுத்தடித்தது. 1946இல் யாங்கீஸ் அணியின் லாரி மெக்ஃபெயில் முன்னின்று தயாரித்த உள்ளறிக்கை, கறுப்பின ரசிகர்கள் பெருகினால் அணிகளின் மதிப்பு குறையக்கூடும் என்று கவலைப்பட்டது. நீக்ரோ லீக் அணிகளுக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டு வந்த வருமானம் போய்விடும் என்றும் அது எண்ணியது. அதாவது, பணக்கணக்கு தடையைக் காக்கவும் பயன்பட்டது. ஒரே காரணம் இரண்டு எதிர்த் திசைகளில் இழுத்திருக்கிறது என்றால், முடிவை அதுவே தீர்மானித்தது என்று சொல்வது கடினம்.

மூன்றாம் விடை: பத்திரிகைகளும் போராட்டமும்

1980களுக்குப் பிறகு வலுப்பெற்ற விடை இது. ஜூல்ஸ் டைகல் 1983இல் வெளியிட்ட நூல் ரிக்கியின் பங்கை மறுக்காமலேயே, அவரைச் சுற்றி இயங்கிய சமூக விசைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பின்வந்த ஆய்வுகள் கறுப்பினச் செய்தியாளர்களை மையத்துக்கு நகர்த்தின.

பிட்ஸ்பர்க் கூரியர் இதழில் வெண்டல் ஸ்மித், பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் இதழில் சாம் லேசி ஆகியோர் ஆண்டுக்கணக்கில் இந்த ஒரே கோரிக்கையை எழுதிவந்தார்கள். கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரின் விளையாட்டுப் பகுதிக்கு 1936 முதல் பொறுப்பேற்ற லெஸ்டர் ராட்னி இதை இயக்கமாகவே நடத்தினார். 1943 டிசம்பரில் பாடகர் பால் ராப்சன் அணி உரிமையாளர்கள் கூட்டத்திலேயே நேரில் பேசினார். 1945 ஏப்ரலில் செய்தியாளர் ஜோ பாஸ்டிக், இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களை முன்னறிவிப்பின்றி டாட்ஜர்ஸ் பயிற்சி முகாமுக்கே அழைத்துப்போய், சோதித்துப் பாருங்கள் என்றார். சில நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, ராபின்சன் உள்ளிட்ட மூவர் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் சோதனைக்கு நின்றார்கள். அதற்குப் பிறகு ரெட் சாக்ஸிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அந்தச் சோதனைக்குப் பின்னால் இருந்த ஸ்மித்தான் ரிக்கியிடம் ராபின்சனைப் பரிந்துரைத்தவர்களில் முக்கியமானவர்.

இந்த வரலாறு நெடுங்காலம் மறைந்திருந்ததற்குப் பனிப்போரும் ஒரு காரணம். கம்யூனிஸ்டுகளுக்கு இதில் பங்குண்டு என்று 1950களில் சொல்ல யாரும் விரும்பவில்லை. 1949இல் ராபின்சனே நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன், கம்யூனிச ஆதரவாளராகக் கருதப்பட்ட ராப்சனின் கருத்துக்கு எதிராகச் சாட்சியளிக்க நேர்ந்தது. 1972இல் வெளியான தன்வரலாற்றில் அவர் ராப்சன் மீது தமக்கு மதிப்பு கூடியிருப்பதைப் பதிவுசெய்தார்.

போராட்டம் எல்லா அணிகளின் கதவையும் தட்டியது. ஒரு கதவு மட்டுமே திறந்தது. அந்த ஒன்று ஏன் புரூக்ளினில் இருந்தது என்பதற்கு இந்த விடை ரிக்கியிடமே திரும்பிப்போக வேண்டியிருக்கிறது.

நான்காம் விடை: போர், சட்டம், நகர அரசியல்

இரண்டாம் உலகப்போரில் கறுப்பின வீரர்கள் இனவெறிக் கோட்பாட்டை எதிர்த்து வெளிநாட்டில் போரிட்டுவிட்டு, சொந்த நாட்டில் அதே கோட்பாட்டுக்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது. வெளியிலும் உள்நாட்டிலும் இரட்டை வெற்றி என்ற முழக்கத்தை பிட்ஸ்பர்க் கூரியர் 1942இல் எழுப்பியது. ராணுவ அதிகாரியாக இருந்த ராபின்சன், 1944இல் டெக்சஸில் பேருந்தின் பின்னிருக்கைக்குப் போக மறுத்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

1945 மார்ச்சில் நியூயார்க் மாநிலம், வேலை தருவதில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஐவ்ஸ்–குவின் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில அளவில் இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதலாவது. நியூயார்க் நகர மேயர் லாகார்டியா பேஸ்பாலில் உள்ள பாகுபாட்டை ஆராயக் குழு அமைத்தார். ஜான் தோர்ன், டைகல் இருவரும் பின்னர் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் இந்த இடத்தில் முக்கியமானவை. 1945 அக்டோபரில் ரிக்கி எழுதிய ஒரு கடிதம், அவர் ராபின்சனை மட்டும் அறிவிக்காமல் பல கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தே அறிவிக்க எண்ணியிருந்ததைக் காட்டுகிறது. நகரத் தேர்தலை ஒட்டிய அரசியல் அழுத்தம் அவரை முந்திக்கொள்ளவைத்தது. அக்டோபர் 23 அன்று ராபின்சன் ஒருவரின் ஒப்பந்தம் மட்டும் அறிவிக்கப்பட்டது. இந்த வாசிப்பு சரியென்றால், தனியொரு மனிதர் தடையை உடைத்தார் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் காட்சியே ஓரளவு தேர்தல் கால அவசரத்தால் உருவானது.

ஆனால் அதே சட்டம் நியூயார்க்கின் மூன்று அணிகளுக்கும் பொருந்தியது. ஜயன்ட்ஸ் 1949 வரை, யாங்கீஸ் 1955 வரை காத்திருந்தன. மாசசூசெட்ஸ் மாநிலமும் 1946இல் இத்தகைய சட்டம் இயற்றியது; ரெட் சாக்ஸ் அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள் அசையவில்லை. சட்டம் சூழலை மாற்றியது. இணங்க விரும்பாதவர்களை அது இணங்கவைக்கவில்லை.

ராபின்சன் எங்கே?

மேலே கண்ட எல்லா விடைகளிலும் ராபின்சன் பிறரால் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவே வருகிறார். இது கடுமையான குறை. அவர் நீக்ரோ லீக்குகளின் தலைசிறந்த ஆட்டக்காரராக அப்போது கருதப்படவில்லை. சாட்செல் பேஜ், ஜாஷ் கிப்சன் ஆகியோரின் புகழ் மிகப் பெரிது. ஆனால் 1946இல் ராயல்ஸ் அணிக்காக இன்டர்நேஷனல் லீக்கின் மட்டைச் சராசரியில் முதலிடம் பிடித்தார். 1947 ஏப்ரல் 22 தொடங்கிய தொடரில் பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மேனும் அவரது ஆட்களும் பொழிந்த இழிசொற்களை வாய்திறக்காமல் தாங்கினார். அந்தப் பருவத்தை .297 சராசரியோடு முடித்து, முதன்முதலாக வழங்கப்பட்ட சிறந்த புதுமுக விருதைப் பெற்றார். 1949இல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

அவர் தடுமாறியிருந்தால் கறுப்பினத்தவருக்குத் தகுதி இல்லை என்ற பழைய வாதத்துக்குப் புதிய சான்று கிடைத்திருக்கும். ஏப்ரல் 15 ஒருநாள் நிகழ்வாகக் கரைந்துபோகாமல் நிலைத்ததற்குப் பெரும்பங்கு அவருடைய ஆட்டத்துக்கும் பொறுமைக்கும் உரியது. அந்தப் பொறுமை அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்பதையும் மறக்கலாகாது. பின்னாளில் அவர் களத்திலும் வெளியிலும் தயங்காமல் எதிர்த்துப் பேசினார்.

விலை கொடுத்தவர்கள்

கறுப்பின வரலாற்றாய்வாளர்களும் நீக்ரோ லீக் ஆய்வாளர்களும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: தடை உடைந்தபோது எது அழிந்தது? 1946இல் நீக்ரோ உலகத் தொடரை வென்ற நியூவர்க் ஈகிள்ஸ் அணிக்கு அந்த ஆண்டு வந்த ரசிகர்கள் சுமார் 1,20,000. அடுத்த ஆண்டு அது பாதிக்கும் கீழே போனது. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் போய்விட்டார்கள். 1948 பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது.

ஈகிள்ஸின் உரிமையாளர் எஃபா மேன்லி, ஆட்டக்காரர்களை இழப்பீடின்றி எடுத்துக்கொள்வதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1947 ஜூலையில் லாரி டோபியைச் சேர்த்துக்கொண்ட கிளீவ்லாந்து அணியின் பில் வீக் மேன்லிக்குப் பணம் கொடுத்தார். இழப்பீடு தருவது நடைமுறையில் இயலும் என்பதை இந்த ஒப்பந்தம் காட்டுகிறது. ரிக்கியின் மறுப்பை அதனால் எளிதில் கடந்துபோக முடியாது. நீக்ரோ லீக்குகளுக்கு முறையான ஒப்பந்தங்கள் இல்லை என்று அவர் சொன்ன காரணம் முற்றிலும் பொய்யில்லை. ஆனால் அது அவருக்கே சாதகமான காரணம்.

காலம் கடந்துபோனவர்களும் உண்டு. ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்தார். ஏப்ரல் 15க்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. 2024இல் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் மட்டைச் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபை விஞ்சி முதலிடத்துக்கு வந்தவர் அவர்தான்.

நினைவுநாளாக மாறிய தேதி

டாட்ஜர்ஸ் வரலாற்றில் வேறொரு ஏப்ரல் 15உம் உண்டு. 1957 பருவத்தோடு அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனது. 1958இல் இதே தேதியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸை எதிர்த்து ஆடி 8–0 என்று தோற்றது. அமெரிக்க மேற்குக் கரையில் நடந்த முதல் முதன்மை லீக் ஆட்டம் அது. வணிக வரலாற்றில் அதன் எடை பெரிது. பொது நினைவில் இடம் மிகச் சிறிது. எபெட்ஸ் ஃபீல்டு 1960இல் இடிக்கப்பட்டது. புரூக்ளினில் அணியும் மைதானமும் இல்லாமல் போன பிறகு, 1947ஐ நினைவுகூரத் தேதி ஒன்றுதான் கைக்கு எட்டும் இடமாக மிஞ்சியது.

1997இல் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், நியூயார்க் ஷே மைதானத்தில் டாட்ஜர்ஸ்–மெட்ஸ் ஆட்டத்தின் நடுவே, அதிபர் கிளின்டனும் ராபின்சனின் மனைவி ரேச்சலும் உடனிருக்க, 42 எல்லா அணிகளிலும் ஓய்வுபெறுவதாக அறிவிக்கப்பட்டது. 2004 முதல் ஏப்ரல் 15 ஜாக்கி ராபின்சன் நாள். 2007இல் கென் கிரிஃபி ஜூனியர் அன்று ஒருநாள் 42ஐ அணிய அனுமதி கேட்டார். 2009 முதல் எல்லோரும் அணிகிறார்கள்.

இந்த நினைவுகூரல் இரண்டு விதமாக வாசிக்கப்படுகிறது. ஒரு தலைமுறைக்கே வரலாற்றைக் கற்பிக்கிறது என்பது ஒன்று. வென்ற கணத்தைக் கொண்டாடி, அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளையும் பிந்தைய பாகுபாட்டையும் மறைக்கிறது என்பது மற்றொன்று. ராபின்சன் 1972 உலகத் தொடரில் பேசியபோது, கறுப்பின மேலாளர் ஒருவரைக் காண வேண்டும் என்றார். சில நாளில் இறந்தார். முதல் கறுப்பின மேலாளர் 1975இல்தான் வந்தார். ஆட்டக்காரர்களில் கறுப்பின அமெரிக்கர்களின் பங்கு 1981இல் 18.7 விழுக்காட்டை எட்டி, 2023 பருவத் தொடக்கத்தில் 6.2 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

மதிப்பீடு

இந்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றினாலும், கூர்ந்து பார்த்தால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஏன் 1940களின் நடுவில் என்பதற்குப் போரும் சட்டமும் போராட்டமும் நல்ல விளக்கம் தருகின்றன. ஏன் புரூக்ளின், ஏன் அந்த முறை என்பதற்கு ரிக்கி இல்லாமல் விளக்கம் இல்லை. ஏன் நிலைத்தது என்பதற்கு ராபின்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும்தான் பதில். பிற அணிகள் ஏன் பின்தொடர்ந்தன என்பதற்கு வெற்றிக்கணக்கு ஓரளவு உதவுகிறது; ஏன் இத்தனை தாமதம் என்பதற்கு உதவவில்லை.

திறந்தே இருப்பவையும் உண்டு. ரிக்கியின் நோக்கத்தில் அறமும் ஆதாயமும் எந்த அளவில் கலந்திருந்தன என்பதை ஆவணங்களால் பிரித்தெடுக்க முடியுமா என்பது ஐயமே. கறுப்பினத்தவரைச் சேர்ப்பதை மற்ற உரிமையாளர்கள் 15–1 என்று எதிர்த்து வாக்களித்ததாக அவரும், லாண்டிஸுக்குப் பின் ஆணையரான சாண்ட்லரும் பின்னாளில் கூறினார்கள். அப்படி ஒரு முறையான வாக்கெடுப்பு நடந்ததா என்பது உறுதிப்படவில்லை. 1945 அக்டோபரில் பலரைச் சேர்த்தே அறிவிக்க முடிந்திருந்தால், ராபின்சன் தனியாகச் சுமந்த பாரம் குறைந்திருக்குமா, நீக்ரோ லீக்குகளின் சரிவு இன்னும் விரைந்திருக்குமா என்பதும் முடிவாகச் சொல்ல இயலாதது.

இருக்கும் சான்றுகளை வைத்து ஒன்றைச் சொல்லலாம். ஏப்ரல் 15ஐ ஒரு நல்லவரின் கொடையாகச் சொல்லும் கதை, அந்தக் கதவைப் பல ஆண்டுகள் தட்டியவர்களுக்கு அநீதி செய்கிறது. எல்லாவற்றையும் காலத்தின் கட்டாயம் என்று சொல்லும் கதை, 1959 வரை கதவை மூடியே வைத்திருந்தவர்களின் பொறுப்பைக் கழுவிவிடுகிறது. வெண்டல் ஸ்மித்தின் பெயரும் எஃபா மேன்லியின் பெயரும் ரிக்கியின் பெயரோடு சேர்ந்து ஒலிக்கும்போதுதான் அந்த நாளின் வரலாறு முழுமையை நெருங்கும்.